அண்டர்லேமெண்ட்: அடித்தளம் அல்ல, அடிவிரிப்பு

மரம்போல் அச்சிட்ட பலகைகளை ஒன்றோடொன்று பூட்டிப் போடும் லேமினேட் தரையைத் தாங்களே போட்டுக்கொள்ள நினைப்பவர்களுக்காகத் தமிழில் வரும் விளக்கங்களைப் பார்த்தால், "அடித்தளத்தைச் சுத்தம் செய்து, அதன் மேல் அடித்தளத்தை விரியுங்கள்" என்கிற மாதிரி ஒரு வாக்கியம் எப்படியும் வந்துவிடுகிறது. முதல் அடித்தளம் வீட்டில் ஏற்கெனவே உள்ள சிமெண்ட் தரை. இரண்டாவது அடித்தளம் பலகைக்கு அடியில் விரிக்கக் கடையில் சுருளாக வாங்கி வரும் ஃபோம், ஆங்கிலத்தில் அண்டர்லேமெண்ட். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், படிப்பவர் எதைக் கழுவுவார், எதை விரிப்பார்?

ஆங்கிலச் சொல்லில் சிக்கல் ஒன்றும் இல்லை. 'அண்டர்' என்றால் அடியில், 'லே' என்றால் இடுவது, பரப்புவது. 'மெண்ட்' பிரெஞ்சு வழியாக வந்த விகுதி. பிரிட்டனில் 'அண்டர்லே' என்றே நிறுத்திக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் கூரை ஓட்டுக்கு அடியில் விரிக்கும் தாளையும் அண்டர்லேமெண்ட் என்பார்கள். 'லேமினேட்' லத்தீன் 'லாமினா'விலிருந்து வந்தது, மெல்லிய தகடு என்று பொருள். இந்த வகைத் தரையை உருவாக்கியது ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம், 1977இல். அவ்வளவுதான் வரலாறு.

இனி 'அடித்தளம்' ஏன் ஆகாது என்று பார்ப்போம். கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்களிடம் 'தளம்' என்ற சொல்லுக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது. "தளம் போட்டாச்சுங்களா?" என்று ஒருவர் கேட்டால், மேலே கான்கிரீட் ஊற்றியாயிற்றா என்று பொருள். முதல் தளம், இரண்டாம் தளம் என்றால் மாடிகள். அடித்தளம் என்றாலோ வீட்டையே தாங்குகிற ஒன்று, மேஸ்திரிகள் கடக்கால் என்றும் அஸ்திவாரம் என்றும் சொல்வது. இந்த வரிசையில் 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு ஃபோம் சுருளைக் கொண்டுபோய் நிறுத்துவது எந்த வகையிலும் பொருந்தாது.

பெயர் பொருந்தாததோடு விஷயம் முடிந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். அடித்தளம் என்ற சொல் ஒரு வலிமையை வாக்குக் கொடுக்கிறது. இந்தப் பொருளுக்கு அந்த வலிமை கிடையாது. தரையில் 2 மீட்டர் நீளத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் மேடு பள்ளம் இருந்தால், சிமெண்டையோ அதற்கென்று விற்கும் சமன்கலவையையோ கொண்டு தரையைத்தான் சரிசெய்ய வேண்டும். ஃபோம் அதைச் சரிசெய்யாது. மணல் பொடி அளவு நெருடலை வாங்கிக்கொள்ளும், காலடிச் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவே. 'அடித்தளம் போட்டுவிட்டோம், இனி எல்லாம் அது தாங்கிக்கொள்ளும்' என்று நம்பிப் பள்ளத்தின் மேல் பலகையைப் பூட்டினால், நடக்க நடக்கப் பூட்டு வாய் விட்டுப்போகும்.

சிலர் 'கீழடுக்கு' என்கிறார்கள். கேட்கப் பரவாயில்லை. ஆனால் லேமினேட் பலகையே நான்கு அடுக்கு: மேலே தேய்மானம் தாங்கும் மெலமைன் பூச்சு, அதற்குக் கீழே அச்சிட்ட காகிதம், நடுவில் அழுத்திய மரநார்ப் பலகை, அடியில் பலகை வளையாமல் பிடித்துவைக்கும் இன்னோர் அடுக்கு. கீழடுக்கு என்றால் அந்தக் கடைசி அடுக்கைத்தான் சொல்ல வேண்டும். தனியாக வாங்குகிற பொருளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால், "இதில்தான் கீழடுக்கு இருக்கிறதே, எதற்கு இன்னொன்று?" என்று வாங்குகிறவர் கேட்பார். கேள்வி நியாயமானதும்கூட. சில பலகைகள் அடியில் ஃபோம் ஒட்டியே வருகின்றன. அவற்றுக்கு இன்னொன்று விரிக்கவே கூடாது. அந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாத சொல் எதற்கு?

'தரைமெத்தை' என்ற சொல்லைத்தான் நான் மிக வன்மையாக மறுப்பேன். தூய தமிழ், அழகான சொல் என்று அதற்கு ஆதரவும் இருக்கிறது. மெத்தை என்றால் தடிமனாக இருந்தால் நல்லது என்று எண்ணுவது இயல்பு. பொள்ளாச்சிப் பக்கம்தான் தென்னைநார் மெத்தை மலிவாகக் கிடைக்கிறதே, அதையே விரித்தால் என்ன என்று தோன்றும். இல்லையென்றால் ஃபோமை இரண்டு மடிப்பாகப் போடத் தோன்றும். இரண்டும் கெடுதல். அடியில் உள்ளது அமுங்க அமுங்கப் பலகை மேலும் கீழும் ஆடும், இணைப்பு உடையும். அதனால்தான் பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டரோடு நிறுத்துகிறார்கள். பொருளைப் பாழாக்கத் தூண்டுகிற சொல், எவ்வளவு தூயதாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அடிவிரிப்பு என்பதே சரி. சென்னிமலைப் படுக்கை விரிப்பை அறியாத வீடு கொங்கு நாட்டில் இருக்காது. விரிப்பு என்றால் மெல்லியது, சுருட்டக்கூடியது, ஒரே மடிப்பாகப் பரப்புவது என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பலகையோடு வருவதை 'ஒட்டிய அடிவிரிப்பு' என்று சொல்லிவிடலாம். வீட்டில் ஏற்கெனவே உள்ள தரைக்கு 'அடித்தரை' போதும். "அடித்தரையைச் சுத்தம் செய்து, அடிவிரிப்பைப் பரப்புங்கள்." இப்போது குழப்பம் இருக்கிறதா? கடைகளில் சொல்கிற 'ஃபோம்' பேச்சுக்குச் சரி. ஆனால் தக்கை, ரப்பர் ஆகியவற்றாலும் அடிவிரிப்பு வருவதால் பொதுச்சொல்லாக நிற்காது.

லேமினேட்டை லேமினேட் என்றே விட்டுவிடலாம். 'மரத்தரை' மட்டும் வேண்டாம். மேலே தெரியும் தேக்கு வரி காகிதத்தில் அச்சிட்டது. மரத்தரை என்று நம்பி வாங்கி, பிறகு இழைத்துப் பாலிஷ் போட முடியவில்லையே என்று வருந்துவோர் உண்டு. அமாவாசைக்கும் பொங்கலுக்கும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுகிற ஊர் நம்முடையது. நடுவில் உள்ள மரநார்ப் பலகை தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும் என்பதையும் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்கள் மீது எனக்குள்ள பெரிய குறை, அகராதியைத் திறக்கிறார்கள், ஒரு கொத்தனாரைக் கேட்பதில்லை என்பதுதான். சிமெண்ட் தரையில் அடிவிரிப்போடு 200 மைக்ரான் பாலித்தீன் தாளும் வேண்டும், ஓரங்கள் 20 சென்டிமீட்டர் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, டேப் ஒட்டியிருக்க வேண்டும். இதை 'நீராவித் தடை' என்று எழுதுகிறார்கள். நீராவி என்றால் இட்லிப் பானைதான் நினைவுக்கு வரும். மண்ணிலிருந்து தரை வழியாக ஏறும் ஈரத்துக்கு ஓதம் என்று நல்ல சொல் இருக்கிறது, "செவுத்துல ஓதம் ஏறுது" என்று இன்றும் பேசுகிறோம். ஓதத்தடுப்புத் தாள் என்று எழுத என்ன தடை? 'மிதக்கும் தரை' என்பதும் அப்படித்தான். பலகைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, அடித்தரையோடு ஒட்டாமல் கிடக்கின்றன. அது ஒட்டாத் தரை. சுவரைச் சுற்றி 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை விட வேண்டிய சந்துக்கு 'விரிவாக்க இடைவெளி' என்பதைவிடச் 'சுவரோர இடைவெளி' தெளிவு, எங்கே விடுவது என்பது பெயரிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் பலகை உப்பும்போது அந்தச் சந்து இல்லாவிட்டால் தரை நடுவில் தூக்கிக்கொள்ளும். அந்தச் சந்தை மறைக்கும் சட்டத்துக்கு ஸ்கர்ட்டிங் என்ற சொல் ஆசாரிகள் வாயில் நன்றாகவே ஊறிவிட்டது, அதை நான் தொடப்போவதில்லை.