ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு வந்துவிடுமா?

போன வாரம் இரவு பதினொன்றரை மணிக்குத் திருச்சியில் ஒரு வீட்டின் மூன்றாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறினேன். லிஃப்ட் இல்லை. 76 வயது அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி என்னைவிட அதிகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். படுத்தால் அடைக்கிறதாம். ஜன்னல் கம்பியில் சணல் கயிறு கட்டி ஒரு சலைன் பாட்டில் தொங்கியது. அது இரண்டாவது. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஊசி போடத் தெரிந்த யாரையோ அழைத்துவந்து மாலையிலிருந்து ஏற்றியிருக்கிறார்கள். அவருக்கு இதயம் பலவீனம் என்று சொல்லும் எக்கோ ரிப்போர்ட் அலமாரி ஃபைலிலேயே இருந்தது. யாரும் அதைத் திறக்கவில்லை.

இந்த வருடத்தில் எனக்கு இது ஐந்தாவது. அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதற்கு நான் எதிரி இல்லை. என் பிழைப்பே அதுதான். முதியவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இரண்டாம் நாள் இரவே இடம் புரியாமல் குழம்பி, சிறுநீர் போக வைத்த குழாயை, அதாவது கதீட்டரைப் பிடுங்கி எறிபவர்கள் உண்டு. நடந்து போனவர் ஒரு வாரம் படுத்தே கிடந்து, தூக்கிவர வேண்டிய நிலையில் திரும்புவார். சிறுநீர்த் தொற்று, காலில் சிவந்து வீங்கும் தொற்று, லேசான நிமோனியா, அடைத்துக்கொண்ட கதீட்டர் ஆகியவற்றில் பலவற்றை வீட்டிலேயே சமாளிக்கலாம். நாளுக்கு ஒரே வேளை போடும் ஆன்டிபயாட்டிக் ஊசிகள் இருக்கின்றன. நர்ஸ் வந்து போட்டுவிட்டுப் போவார். ஆனால் எங்களைக் கூப்பிடுகிறவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. "ஒரு குளுக்கோஸ் பாட்டில் போட்டுவிடுங்கள் டாக்டர், தெம்பாகிவிடுவார்" என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது? குளுக்கோஸ் பாட்டில், அதாவது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டர் என்றால் 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு தேக்கரண்டி. ராமநவமிக்குக் கொடுக்கும் பானகத்தில் ஒரு டம்ளர் குடித்தால் கிட்டத்தட்ட அவ்வளவு கிடைத்துவிடும், ஏலக்காய் வாசனையோடு. சலைன் என்றால் அரை லிட்டரில் நாலரை கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மாமியார் கண்ணில் படாமல் ஊறுகாய் ஜாடியை ஒளித்துவைக்கிற அதே வீட்டில், ஒரே மாலையில் இரண்டு பாட்டிலுக்கு ஏற்பாடு ஆகியிருந்தது. ஒன்பது கிராம்! கூடவே ஒரு லிட்டர் தண்ணீர். பலவீனமான இதயம் அதை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

மஞ்சளாக ஒரு மருந்தைக் கலந்தார்களே என்பீர்கள். அது வைட்டமின். வாய் வழியாகச் சில ரூபாய் மாத்திரையில் போகிறது. எங்கள் தொழில்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. பாட்டில் போடுவது சுலபம். வேண்டாம் என்று புரியவைக்க இருபது நிமிடம் ஆகிறது. அந்த இருபது நிமிடத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

டிரிப்பே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. குடிப்பதெல்லாம் வாந்தியாகிறவருக்கு வேண்டும். எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை ரத்த அழுத்தமும் நுரையீரலும் சிறுநீரும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பேதிக்கு, குடிக்க முடிகிறவரை ஓ.ஆர்.எஸ். போதும். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரையுங்கள். டம்ளரில் ஒரு சிட்டிகை போடுவது கணக்கில் சேராது.

அந்த அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்காததுதான் எனக்கு வலிக்கிறது. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சாப்பாடு வேண்டாம் என்பார்கள், உளறுவார்கள், பாத்ரூமில் விழுவார்கள். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்புகூட நெஞ்சுவலி இல்லாமல் வரும். இன்னொன்று, சாப்பிடாதவருக்கு வழக்கமான சர்க்கரை மாத்திரையை மறக்காமல் கொடுக்கும் பாசக்காரப் பிள்ளைகள். தயவுசெய்து முதலில் போன் செய்யுங்கள். குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினால், விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். சில மாத்திரைகளால் இறங்கிய சர்க்கரை, ஏறிய பிறகும் திரும்ப இறங்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வீட்டு வைத்தியத்துக்கு முதல் தேவை, இரவில் விழித்திருக்க ஒரு ஆள், கையில் ஒரு நோட்டு. ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள்; பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். ஆக்ஸிமீட்டரை மருதாணி இல்லாத, சில்லிடாத விரலில் மாட்டி எண் நிலைக்கும்வரை பொறுங்கள். மூச்சு 25ஐத் தொட்டாலும், ஆக்ஸிஜன் 92க்குக் கீழே போனாலும், அரை நாளாகச் சிறுநீரே போகாவிட்டாலும், நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பினாலும் 108. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு ஆக்ஸிஜன் அளவு வேறு; அவருடைய மருத்துவரிடம் கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், நெஞ்சை அழுத்தினால் என்னைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நான் படியேறிவந்து பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வதற்குள் அதில் ஒரு மணி நேரம் போய்விடும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் நல்ல திட்டம் அது. நடுராத்திரி மூச்சுத்திணறலுக்கு அந்த மாத்திரை கொண்டுவரும் அக்கா வரமாட்டார்.

அன்றிரவு சலைனை நிறுத்தி, நீர் பிரியும் ஊசி போட்டேன். அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் மூன்று மாடி இறக்கினோம். நான்காம் நாள் வீடு திரும்பினார். நேற்று மருமகள் போன் செய்தார்.

"அத்தை இன்னும் சோர்வாகத்தான் இருக்கிறார் டாக்டர். ஒரே ஒரு பாட்டில், ரொம்ப மெதுவாக ஏற்றலாமா?"