எலிவேஷனை மாற்றினால் வீடு மாறிவிடுமா?

மடிப்பாக்கம், நங்கநல்லூர், கொளத்தூர், போரூர் என்று சென்னையில் எந்த உட்தெருவுக்குள் திரும்பினாலும் இப்போது ஒரே கட்டடம்தான் எதிரே நிற்கிறது. கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே நாலு அல்லது ஐந்து மாடி, வெள்ளையும் சாம்பலுமாகப் பெயின்ட், நடுவில் மர நிறத்தில் ஒரு பட்டை, கண்ணாடிக் கைப்பிடி வைத்த பால்கனி. கோவையில் சரவணம்பட்டிப் பக்கம் போனாலும் இதேதான். "உங்க ஆளுங்களுக்குக் கற்பனையே வறண்டுபோச்சா சார்?" என்று தெரிந்தவர்கள் ஆர்க்கிடெக்டான என்னிடம் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான், கேட்கிற இடம்தான் தவறு. இந்தக் கட்டடத்தில் முக்கால்வாசி, ஆர்க்கிடெக்ட் மேசைக்கு வருமுன்பே முடிவாகிவிடுகிறது.

எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அப்பா கட்டிய தனி வீடு, இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி. பிள்ளைகள் மூன்று பேர். பங்கு பிரிக்க வழி இல்லாததால் பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுக்கிறார்கள். 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயர்மாடி அல்லாத கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. மனைப் பரப்பைப்போல இரண்டு மடங்கு கட்டிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் இது 1.5 ஆக இருந்தது. ஆக 9,600 சதுர அடி. ஸ்டில்ட் இந்தக் கணக்கில் வராது. பாதி உரிமையாளர்களுக்கு, பாதி பில்டருக்கு. இந்தப் பகுதிகளில் எளிதாக விலைபோவது 1,200 சதுர அடி டபுள் பெட்ரூம், டிரிபிள் பெட்ரூம். வகுத்தால் எட்டு வீடு. மாடிக்கு இரண்டு, நாலு மாடி. இன்னும் யாரும் பென்சிலைத் தொடவில்லை, கட்டடம் தயாராகிவிட்டது!

எட்டு என்ற எண்ணுக்கு இன்னொரு வசதியும் உண்டு. மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாவிட்டாலோ ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்டு என்பது 446 சதுர மீட்டர். எந்த வழியில் பார்த்தாலும் விலக்கு. இதில் சட்டமீறல் எதுவும் கிடையாது. ஆனால் வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். சுவர்களுக்குள் புழங்கும் கார்பெட் ஏரியா எவ்வளவு, சாவி என்றைக்கு, ஐந்து வருடத்துக்குள் விரிசலோ ஒழுகலோ வந்தால் யார் சரிசெய்வது என்பதையெல்லாம் இந்தக் கட்டடங்களில் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அடுத்தது உயரம். 18.30 மீட்டரைத் தாண்டினால் அது ஹை ரைஸ். சாலை அகலம், சுற்றிலும் விட வேண்டிய இடம், தீயணைப்புத் துறைத் தடையின்மைச் சான்று என்று எல்லாமே வேறு கணக்குக்குப் போய்விடும். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் ஆறு தளம், 18 மீட்டர். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்குப் பணம் கட்டிக் கூடுதல் பரப்பு வாங்கினாலும் உட்தெருக்களில் 'ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ்' என்பதோடு நின்றுவிடுவது இதனால்தான்.

பிறகு கார் வருகிறது. ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர். தூண்களுக்கு நடுவே கார் நுழைந்து திரும்ப வேண்டும். எட்டு வீட்டுக்கு எட்டு காராவது நின்றாக வேண்டும். எனவே தூண் எங்கே வரும் என்பதைக் கார் சொல்கிறது. அதே தூண் மேலே எல்லா மாடிக்கும் போகிறது. உங்கள் படுக்கையறை ஏன் சரியாகப் பத்தேகால் அடி அகலம் என்று யோசித்ததுண்டா? பெரும்பாலும் கீழே இருக்கும் கார்கள்தான் காரணம்.

கடைசியாக வாஸ்து. சமையலறைக்குத் தென்கிழக்கான அக்னி மூலை, மாஸ்டர் பெட்ரூமுக்குத் தென்மேற்கு, வடகிழக்கான ஈசானியத்தில் கழிப்பறை கூடாது. மாடிக்கு இரண்டு வீடு என்றால் ஒன்றைக் கண்ணாடியில் பார்த்த மாதிரித் திருப்பிப் போடுவதுதான் எங்களுக்கு எளிது, குழாய்களும் ஒரே இடத்தில் இறங்கும். ஆனால் திருப்பிப் போட்டால் இரண்டாவது வீட்டின் சமையலறை ஈசானியத்துக்கோ தென்மேற்குக்கோ போய்விடும். வடமேற்கான வாயு மூலைக்கு ஒப்புக்கொள்ளும் வீட்டுக்காரர் கிடைத்தால் தப்பித்தோம். இல்லையென்றால் ஒரே வீட்டை அப்படியே பக்கத்தில் நகர்த்தி வைக்க வேண்டியதுதான். இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் பிளான்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. சென்னையிலுள்ள எல்லா அலுவலகங்களிலும் அவைதான் சுற்றி வருகின்றன.

இதற்கெல்லாம் பிறகு எங்களுக்கு மிஞ்சுவது எலிவேஷன் எனும் முன்பக்கத் தோற்றத்தில் ஓர் ஒன்றரை அடி தடிமன். அதில்தான் பட்டை, பள்ளக்கோடு, ஹெச்.பி.எல். எனும் லேமினேட் ஷீட் எல்லாம். போன வருடம் ஒரு அம்மா சொன்னது: "தம்பி, எதிர்வீட்டு எலிவேஷன் மாதிரி மட்டும் வேண்டாம். பிளான் வேணா அதே இருக்கட்டும், நல்லா இருக்கு." நகரம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. சியாட்டில், டென்வர், ஆஸ்டின் போன்ற அமெரிக்க நகரங்களிலும் 'ஃபைவ் ஓவர் ஒன்' என்று ஒருவகைக் கட்டடம் தெருத்தெருவாக முளைத்திருக்கிறது. கீழே கான்கிரீட்டில் ஒரு தளம், மேலே மரச்சட்டத்தில் நாலைந்து மாடி, நடுவில் நீண்ட நடை, இரண்டு முனையிலும் படிக்கட்டு. மரத்தில் எத்தனை மாடி போகலாம், எத்தனை படிக்கட்டு கட்டாயம் என்று அங்குள்ள கட்டட விதி சொல்கிறது. மரம் மலிவு. பிறகு எல்லா ஊரிலும் அதே பெட்டிதான் வரும். அங்கேயும் திட்டு வாங்குவது ஆர்க்கிடெக்ட்தான்.

வீடுகள் ஒன்றுபோல இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டியும் மிஞ்சியிருக்கும் பழைய வரிசை வீடுகளைப் பாருங்கள். திண்ணை, ரேழி, முற்றம், மெட்ராஸ் டெரஸ் கூரை என்று எல்லாம் ஒரே வார்ப்புதான். அந்த ஒற்றுமை வெயிலுக்கும் மழைக்கும் கண்டுபிடித்த விடை. நாங்கள் இன்று வரையும் ஒற்றுமை எஃப்.எஸ்.ஐ.க்கும் காருக்குமான விடை. வெயிலைப் பற்றிய கேள்வி தேர்வுத் தாளிலேயே இல்லை. கிழக்குப் பார்த்த மனைக்குப் போட்ட பிளான், எதிர் வரிசையில் மேற்குப் பார்த்த மனையிலும் அறைகள் மட்டும் இடம்மாறி, அதே ஜன்னல், அதே பால்கனியோடு நிற்கிறது.

சென்னை இருப்பது 13 பாகை வடக்கில். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கோடையில் தெற்குச் சுவருக்கு அவ்வளவு தொல்லை இல்லை. மொட்டைமாடியும் கிழக்கு, மேற்குச் சுவர்களும்தான் வெயிலை வாங்குகின்றன. சாய்வெயில் மேற்குச் சுவரில் மூன்று மணி நேரம் அடித்தால், அந்தச் சூடு உள்ளே வந்து சேர்வது நாம் படுக்கப்போகும் நேரத்தில். அந்தச் சுவரை ஒட்டிய தென்மேற்கு மூலையில்தான் மாஸ்டர் பெட்ரூம். வாஸ்து நம்பிக்கையில் நான் கைவைக்க மாட்டேன், அது அவரவர் விருப்பம். ஆனால் அந்த மூலைக்கு நிழல் தரலாம் அல்லவா? எண்பதுகளில் கட்டிய மூன்று மாடி ஃப்ளாட்களில் எல்லா ஜன்னலுக்கும் இரண்டடி சன்ஷேட் இருக்கும். இப்போது அது எலிவேஷனின் 'கிளீன் லுக்'கைக் கெடுக்கிறதாம். எடுத்துவிடுகிறோம். பிறகு அந்த ஜன்னலை ஆண்டு முழுக்கத் திரைபோட்டு மூடிவைத்து ஏசி போடுகிறோம்.

ஜன்னல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஈரப்பதமுள்ள வெப்பமான ஊர்களில் அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது, கதவைச் சேர்க்காமல், ஜன்னல் திறப்பாக இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட நெறிமுறை. பத்துக்குப் பதினொன்று அறை என்றால் 110 சதுர அடி, அதற்கு 18 சதுர அடி தேவை. பிளானில் ஐந்துக்கு நாலு ஜன்னல், 20 சதுர அடி. கணக்கு சரி. ஆனால் பொருத்துவது இரண்டு பலகை ஸ்லைடிங். ஒன்றின் மேல் ஒன்று போய் நிற்குமே தவிர, பாதிக்கு மேல் திறக்காது. காற்று வருவது பத்து சதுர அடியில்தான். பழைய கொக்கி வைத்த மர ஜன்னலோ, கதவுபோலக் கீலில் திறக்கும் இன்றைய கேஸ்மென்ட் யுபிவிசி ஜன்னலோ முழுதும் திறக்கும். விலை வித்தியாசம் ஓரளவு உண்டு. மதியத்துக்கு மேல் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து கடற்காற்று வரும் ஊரில் அந்தப் பணம் வீணாகாது. (அந்தத் தென்கிழக்கில் சமையலறையை வைத்துவிட்டு, மீன் வறுத்த வாசனை ஹாலுக்கு வருகிறது என்று குறைபட்டுக்கொள்பவர்களுக்கு என்னிடம் பதிலில்லை.)

பக்கவாட்டில் நீங்களும் பக்கத்து மனைக்காரரும் விதிப்படி இடம் விட்டாலும், இரண்டு கட்டடத்துக்கும் நடுவே மிஞ்சுவது சில அடிகள்தான். இருபுறமும் ஐம்பது அடி உயரச் சுவர். இரண்டு மனையிலும் ஒரே பிளான் என்றால் ஜன்னலுக்கு நேர் ஜன்னல் வந்து நிற்கும். முதல் மாடிக்காரர் பகலிலும் விளக்குப் போடுவார். பக்கத்து மனையில் ஏற்கெனவே கட்டடம் இருந்தால், அவர்கள் ஜன்னல் எங்கே இருக்கிறது என்று ஒரு டேப் பிடித்துக் குறித்துவந்து, உங்கள் ஜன்னலை இரண்டடி நகர்த்தச் சொல்லுங்கள். செலவே இல்லாத வேலை இது. ஆனால் யாரும் செய்வதில்லை.

ஸ்டில்ட்டைப் பற்றிப் பலரும் ஒருபக்கமாகவே பேசுகிறார்கள். 2015 வெள்ளத்தில் தரைத்தளத்து வீடுகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு ஸ்டில்ட்டின் அருமை தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களுக்கு அதன் மறுபக்கமும் தெரியும். நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்காக. மேலே எல்லா மாடியிலும் சுவர், கீழே வெறும் தூண். நிலநடுக்கத்தில் முதலில் மடங்குவது அந்தத் தளம்தான். 2001 குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து வெகுதொலைவில் இருந்த அகமதாபாத்தில் இத்தகைய அடுக்குமாடிகள் விழுந்தன. அடுத்த ஆண்டே இந்தியத் தர நிர்ணயத்தில் சென்னை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து, அதைவிட ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. தெரு முழுக்க ஒரே கட்டடம் என்றால், தெரு முழுக்க ஒரே பலவீனம். லிஃப்டைச் சுற்றிச் செங்கல் சுவரா, பக்கவாட்டு அசைவைத் தாங்கும் கான்கிரீட் ஷியர் வாலா என்று உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரிடம் கேளுங்கள். ஸ்டில்ட் தளத்தைத் தனியாகக் கணக்கில் எடுத்து வடிவமைத்தாரா என்றும் கேளுங்கள். கேட்கும் வீட்டுக்காரர்கள் மிகக் குறைவு. எலிவேஷனுக்கு நாலு 3டி வியூ கேட்பவர்கள் நிறைய.

மனை கொடுப்பவர்கள் கையில் ஓர் ஆயுதம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமலே கையெழுத்துப் போடுகிறார்கள். ஜாயின்ட் வென்ச்சர் ஒப்பந்தத்தின் கடைசியில் 'ஸ்பெசிஃபிகேஷன்' என்று ஒன்றிரண்டு பக்கம் இருக்கும். குழாய் என்ன பிராண்ட், டைல்ஸ் எத்தனை அடிக்கு எத்தனை அடி, மெயின் டோர் தேக்கா, பூஜையறைக்கு மணி வைத்த கதவா என்று எல்லாம் இருக்கும். ஜன்னல் அளவு இருக்காது. அது ஸ்லைடிங்கா கேஸ்மென்ட்டா என்பது இருக்காது. சன்ஷேட் இருக்காது. மொட்டைமாடிக்கு வெப்பம் தாங்கும் ஓடு பதிப்பார்களா, வெள்ளைப் பெயின்ட்தானா என்பது இருக்காது. படிக்கட்டுக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும், குழாய் இறங்கும் சாஃப்டுக்குள் பிளம்பர் நுழைந்து வேலைபார்க்க இடம் உண்டா என்பதும் இருக்காது. இவற்றைத் தமிழிலேயே ஐந்தாறு வரியாக எழுதி அந்தப் பக்கத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தை நடக்கும் நாட்களில் பில்டர் இதற்குப் பெரிதாகத் தகராறு செய்வதில்லை, மனை அவருக்கு வேண்டும். பவர் பத்திரம் பதிவாகி, பழைய வீட்டை இடித்த பிறகு கேட்டால் ஒவ்வொன்றும் 'எக்ஸ்ட்ரா வொர்க்' ஆகிவிடும்.