பழைய பலகை எழுத்து வேண்டுமா? தமிழ் வரியையும் வரையச் சொல்லுங்கள்

கொழும்பில் புதிதாகத் திறக்கும் தேநீர்க்கடைகளும் துணிக்கடைகளும் இப்போது பழைய காலத்துப் பெயர்ப்பலகை எழுத்தைத் தேடி வருகின்றன. ஃபிளெக்ஸ் பலகைகளுக்கு நடுவே தூரிகைக்கு மறுபடி வேலை கிடைப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் கையில் கொண்டுவரும் மாதிரிப் படங்களில் ஒரே குறையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஆங்கிலப் பெயர் நிழலும் சுழியுமாக ஆசை ஆசையாக வரையப்பட்டிருக்கும். தமிழ்ப் பெயரோ கணினி எழுத்துருவில், கடைசி வரியில் ஒடுங்கிக் கிடக்கும். நான் தொழில் கற்ற பெரியவர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளையும் ஒரே தூரிகையால், ஒரே அக்கறையோடு எழுதியவர். தமிழை அச்செடுத்து ஒட்டிய பலகையைப் பழைய கொழும்புப் பலகை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தமிழ் ஒடுங்குவதற்கு அலட்சியம் மட்டும் காரணமல்ல, அளவும் காரணம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இரண்டு கோடுகளுக்குள் அடங்கிவிடும். தமிழுக்கு மேலே புள்ளியும் கி, கீ போன்றவற்றின் வளைவும் உண்டு. கு, ழு, ரூ என்று கீழேயும் இறங்கும். மூன்று மொழிக்கும் ஆளுக்கு 12 அங்குலம் என்று சமமாகப் பிரித்தால், ஆங்கில எழுத்து 12 அங்குலத்துக்கும் நிமிர்ந்து நிற்கும்; தமிழில் ப, ட, ம போன்ற எழுத்துகளின் உடலுக்கு ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். கொழும்பின் காலி வீதியில் பஸ்ஸில் போகிறவர் அதை எப்படி வாசிப்பார்? பட்டையின் உயரத்தை விட்டுவிட்டு எழுத்தின் உடலை அளந்து சமப்படுத்துங்கள். தமிழ்ப் பட்டைக்குக் கூடுதல் உயரம் வேண்டும் என்பதைத் தகரம் வெட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். வெட்டிய பிறகு என்னிடம் வந்தால் ஆங்கிலத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்தது, எந்தக் காலத்து எழுத்து என்ற கேள்வி. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை போல வளைந்த கொம்போடு எழுதப்பட்டன. ணா, றா, னா மூன்றும் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழிந்து சேர்ந்திருந்தன. இன்றைய எழுத்துருக்களில் பெரும்பாலும் இவை கிடைக்காது, கையால்தான் வரைய வேண்டும். 1950களின் தோற்றம் வேண்டும் என்று கேட்பவரின் பலகையில் 'போசனசாலை' என்று வந்தால் அந்தத் துதிக்கை லையையே போடச் சொல்வேன். மருந்துக்கடை என்றால் வற்புறுத்த மாட்டேன். அங்கே அவசரத்தில் வருகிறவர் ஒரு கணம்கூடத் தடுமாறக் கூடாது.

மாதிரிக்கு இணையத்தில் தேடாதீர்கள். புறக்கோட்டையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வாசலை விட்டு மேல்மாடியை அண்ணாந்து பாருங்கள். அப்படியும் பழைய தமிழ்ப் பலகைகள் குறைவாகவே அகப்படும். 1983 ஜூலையில் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டபோது பலகைகளும் சேர்ந்து எரிந்தன. அதனால் வீட்டு அலுமாரிகளில் இருப்பதே பெரிய சொத்து. கடைத் திறப்பு விழாப் படம், பில் புத்தகம், நாட்காட்டி எது கிடைத்தாலும் எடுத்து வாருங்கள். தாத்தா மாலையோடு நிற்கும் படத்தில் அவர் தலைக்கு மேல் தெரியும் நான்கு எழுத்துகளே எனக்குப் போதும். அந்த ழகரத்தின் வால் எங்கே முடிகிறது, சுழி எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்து மற்ற எழுத்துகளை வளர்த்தெடுக்க முடியும்.

வேலை நடக்கும் விதத்தையும் அறிந்திருங்கள். முழு அளவில் கடதாசியில் வரைந்து, கோடுகளின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, பலகையில் வைத்துச் சோக்குத்தூள் பொட்டலத்தால் ஒற்றுவோம். கடதாசியை எடுத்தால் எழுத்து புள்ளிப் புள்ளியாக நிற்கும். அதன் மேல் எனாமல். ஒரு நிறம் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த நிறம். நிழலை எழுத்தோடு ஒட்டிப் போடுவதில்லை. இடையில் மெல்லிய கீற்றாகப் பின்னணி நிறத்தை விட்டுவிடுவோம். தூரத்திலிருந்து எழுத்து எழும்பி நிற்பது அந்தக் கீற்றால்தான். தகரத்துக்குத் துருக்காப்புப் பூச்சு பின்பக்கமும் வேண்டும். கடல்காற்று அடிக்கும் ஊர் இது.

தாத்தாவின் பலகையே கிடைத்துவிட்டால் தயவுசெய்து அதைச் சுரண்டாதீர்கள். பழைய மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் கலந்த நிறமிகள் அதிகம். இலங்கையில் பெயின்டில் ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2013இல்தான். உலரத் தேய்த்தால் எழும் தூசி பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். பலகையை அப்படியே வைத்து, மெல்லிய கடதாசியில் எழுத்துகளைப் படியெடுத்து, புதுத் தகரத்தில் எழுதுவோம்.

கடைசியாக, பெயரைக் குறுஞ்செய்தியில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். பாமினி என்ற பழைய கணினித் தமிழ் எழுத்துருவில் தட்டியதை வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது புள்ளி காணாமல் போகலாம், ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கலாம். தமிழ் தெரியாத பலகை எழுதுபவர் அதைப் பிழையோடு அழகாக எழுதித் தந்துவிடுவார். தமிழ் நன்கு வாசிக்கத் தெரிந்த ஒருவர் கடதாசிப் படியின் முன் நேரில் வந்து, எழுத்தெழுத்தாக விரல் வைத்து வாசிக்க வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் நான் ஊசியை எடுப்பேன்.