பிளாஸ்மிட் என்றால் கணிமி

குடியாத்தத்திலிருந்து அண்ணன் மகள் வந்திருந்தாள். வேலூரில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறாள். நோட்டில் வரைந்த ஒரு வட்டத்தைக் காட்டி, "சித்தப்பா, பிளாஸ்மிட்டுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள். உயிரோடிருக்கும் பாலூட்டிச் செல்லுக்குள் ஆர்.என்.ஏ.வுக்கு, அதாவது மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகலுக்கு, குறியிட்டுப் படம்பிடிக்க உதவும் பிளாஸ்மிட் பற்றித் தமிழில் கட்டுரை எழுத வேண்டுமாம்.

இந்தச் சொல்லை 1952-இல் உருவாக்கியவர் அமெரிக்க மரபியலாளர் ஜோஷுவா லெடர்பர்க். 'சைட்டோபிளாசம்' என்பதிலிருந்து 'பிளாஸ்ம்' எடுத்து 'இட்' சேர்த்தார். குரோமோசோமுக்கு வெளியே நின்று மரபுப் பண்பைக் கடத்தும் எதற்கும் பொதுப்பெயராகத்தான் வைத்தார். பிறகு பொருள் சுருங்கி, தானே படியெடுத்துப் பெருகும் தனி டி.என்.ஏ. துண்டுக்கு நின்றுவிட்டது.

வேர் இன்னும் பழையது. கிரேக்கத்தில் 'பிளாஸ்மா' என்றால் வனைந்தது. மண்ணைப் பிசைந்து உருக்கொடுக்கும் வினையிலிருந்து வந்த சொல் அது. பிளாஸ்டிக், பிளாஸ்டர் எல்லாம் அதன் உறவு. கரிகிரிப் பக்கம் சக்கரத்தில் பானை வனைவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொன்னதும் பிடித்துவிட்டது. "அப்போ வனைமின்னு வெச்சிடலாமா?" என்றாள். வேருக்கு நேர்தான். ஆனால் வேரின் பொருளுக்கும் இன்றைய பொருளுக்கும் தொலைவு அதிகம்.

'மரபு வளையம்' என்றும் சொல்லிப் பார்த்தோம். ஆய்வகத்தில் கையாள்பவை வளையங்கள்தாம். ஆனால் பொரீலியா என்ற பாக்டீரியாவில் வளையாத நீள் இழைகளாகவும் உண்டு. வடிவத்தை வைத்துப் பெயரிட்டால் அவை வெளியே நின்றுவிடும். 'கணிமி' என்ற சொல் ஏற்கெனவே தமிழில் வழங்குகிறது. கணிமியை, கணிமியில், கணிமிகள் என்று வேற்றுமையும் பன்மையும் இழுக்காமல் சேர்கின்றன. நான் இதையே எழுதுவேன். முதல்முறை மட்டும் பக்கத்தில் பிளாஸ்மிட் என்று போட்டால் போதும்.

சரி, அந்தக் கணிமி செய்வது என்ன? நாம் பின்தொடர விரும்பும் ஆர்.என்.ஏ.வின் மரபணுவோடு, எம்.எஸ்.2 என்ற வைரஸிலிருந்து எடுத்த சிறு வரிசையை அடுத்தடுத்து, பெரும்பாலும் 24 முறை, கணிமியில் சேர்க்கிறார்கள். செல் அதை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும்போது ஒவ்வொரு வரிசையும் மடங்கிக் கொண்டை ஊசியாகிறது. ஏலகிரி ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: அங்கே 14 வளைவுகள், இங்கே 24. அந்த வைரஸின் உறைப்புரதம் இந்த ஊசிகளைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புரதத்தோடு சொறிமீனிலிருந்து (ஜெல்லி மீன்) கிடைத்த பச்சை ஒளிர்புரதத்தை ஒட்டி, இன்னொரு கணிமி வழியாகச் செல்லுக்குள் அனுப்புகிறார்கள். ஓர் ஊசியில் புரதம் இரண்டிரண்டாக அமரும். ஆகவே ஒரே ஆர்.என்.ஏ.வில் 48 பச்சை விளக்குகள் வரை எரியலாம். நுண்ணோக்கியில் ஒரு புள்ளி நகர்வது தெரியும். 1998-இல் ஈஸ்டில் இப்படிப் பார்த்தார்கள். பாலூட்டிச் செல்களுக்கு வந்தது அப்புறம்.

இதிலே 'டேக்' என்பதற்கு அவள் 'ஒட்டு' என்று எழுதியிருந்தாள். அதை 'குறி' என்று மாற்றச் சொன்னேன். வெளுக்கப் போடும் துணியின் ஓரத்தில் மையால் இடுகிறார்களே, அதுவும் குறிதான். நூறு துணி கலந்தாலும் நம்முடையது தெரியும். செல்லுக்குள் ஆயிரமாயிரம் ஆர்.என்.ஏ. நடுவே இந்த ஊசிகளின் வேலையும் அதுவே.

தலைப்பை அடித்துவிட்டு, 'ஆர்.என்.ஏ.வுக்குக் குறியிடும் கணிமி' என்று எழுதிக்கொண்டாள்.