கரை கெட்டிதான், கீழே யார் இருக்கிறார்கள்?

குட்டைக் கரைகளைப் பார்த்து ஆபத்து வகை எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுதியதைப் பார்த்து உரிமையாளர் கோபப்படுவது இந்த வருடத்தில் இது மூன்றாவது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தை மறித்து 5 மீட்டர் உயரத்துக்கு மண்கரை, விருந்தினர் தங்க நாலு குடில், பெடல் போட், தூண்டில் போட மீன் என்று அழகாகத்தான் வைத்திருக்கிறார் உரிமையாளர். ‘அதிக ஆபத்து வகை’ என்று நான் எழுதிக் கொடுத்ததும் முகம் சுருங்கிவிட்டது. “ஏனுங்க சார், ரோலர் ஓட்டிப் போட்ட கரைங்க. ஒரு வெடிப்புக் காட்டுங்க பார்க்கலாம்?”

வெடிப்பு இல்லை. இருக்கிறது என்று நான் சொல்லவும் இல்லை.

ஆபத்து வகை என்பது கரையின் உறுதிக்குப் போடும் மார்க் கிடையாது. உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் வைத்துச் சொல்வது. நேற்றுக் கட்டிய குறையில்லாத கரையாக இருந்தாலும், கீழே ஆள் குடியிருந்தால் அதிக ஆபத்து வகைதான். சரிந்து கிடக்கும் கரைக்குக் கீழே வெறும் மேய்ச்சல் காடு என்றால் குறைந்த வகை. கரையின் நிலைமையைத் தனியாகப் பார்த்து, தனியாக எழுதுவோம். இரண்டையும் தயவுசெய்து குழப்பாதீர்கள். கரையில் ஒரு கூடை மண் மாறாமலே வகை மாறிவிடும். இவர் கரை போட்டபோது கீழே சோளக்காடு. இன்றைக்குப் பள்ளத்தோரம் தென்னை நார் களம். தகரக் கொட்டகையில் வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள். கொடியில் குழந்தைத் துணி காய்ந்துகொண்டிருந்தது.

“சின்னக் குட்டைதானுங்களே” என்பது அடுத்தது. ஒரு ஏக்கர் பரப்பு, சராசரி ஆழம் இரண்டரை மீட்டர் என்றால் 1 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 800 லோடுக்கு மேல். அத்தனையும் ஒரே மூச்சில் பள்ளத்தில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுக்கும்தான். உங்கள் கரையைத் தேடி அந்தச் சட்டப்படி யாரும் வரப்போவதில்லை. பார்க்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

1889இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் அணை உடைந்து 2,209 பேர் இறந்தார்கள். பணக்காரர்களின் மீன்பிடி மன்றம் ஒன்று பொழுதுபோக்குக்கு வைத்திருந்த அணை அது. மீன் தப்பக் கூடாது என்று உபரிநீர் போகும் வழியில் கம்பித் தடுப்பு, வண்டி போக வசதியாகக் கரை உச்சியைத் தாழ்த்தியது, தண்ணீரை இறக்கிவிடக் குழாயே இல்லாதது எல்லாம் சேர்ந்துகொண்டன. நம் தோப்பிலும் உபரிநீர் வழியும் கலுங்கில் மீன் வலை! தென்னமட்டையும் பாட்டிலும் அதில் அடைத்துக்கொண்டு பாதி வழி மூடிக் கிடக்கிறது.

வலையை இன்றே எடுங்கள். கரைமேல் மரம் வைக்காதீர்கள். வேர் பட்டுப்போனால் அந்த வழியாகத்தான் தண்ணீர் போகும். எலி வளை, நண்டு வளையை விட்டுவைக்காதீர்கள். மதகைத் திறந்து பாருங்கள், துருப்பிடித்த மதகு இருந்தும் இல்லாததுதான். கரையடியில் கசிவு தெரிந்தால் ஒரு டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக வந்தால் அளவைக் குறித்துக் கண்காணிக்கலாம். கலங்கலாக வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது. கீழே இருப்பவர்களைக் கிளப்பிவிட்டு அப்புறம் எங்களைக் கூப்பிடுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள் பள்ளத்தோடு கீழே நடந்து போங்க. எத்தனை வீடு, எத்தனை கொட்டகை என்று எண்ணி, ஆளுக்கொரு நம்பர் வாங்கி வையுங்கள். அந்த உரிமையாளர் வலையை எடுத்துவிட்டார். நார் களத்துக்காரர்களின் நம்பர் மட்டும் அவரிடம் இன்னும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு நானே கீழே நடக்கப் போகிறேன்.