டெக்ஸ்ட் எடிட்டர் – உரைத்திருத்தி

வெப் டெவலப்மென்ட் படிக்க வருபவர்களிடம் முதல் நாள் சொல்வது, "ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் போட்டுக்கொள்ளுங்கள்" என்பதுதான். மறுநாள் யாராவது ஒருவர் வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லை வேர்ட் போன்ற சொற்செயலியில் அடித்துக்கொண்டு வந்து நிற்பார். அவர்மேல் தப்பில்லை. இரண்டிலும் எழுத்துதானே அடிக்கிறோம்?

டெக்ஸ்ட் என்ற சொல்லின் வேர், நெய்தலைக் குறிக்கும் 'டெக்ஸெரே' என்ற லத்தீன் வினை. நமக்கு இது புதிதல்ல. இழையும் நூல், புத்தகமும் நூல். நன்னூல் இன்னும் விரித்துச் சொல்கிறது: சொல் பஞ்சு, பனுவல் இழை, புலவன் நூற்கிற பெண், வாய் அவள் கை, அவன் மதி நூற்கும் கதிர்.

கணினியில் டெக்ஸ்ட் என்றால் எழுத்துகளின் வரிசை, அவ்வளவுதான். தடிப்பு, நிறம், எழுத்துரு எதுவும் கோப்பில் ஏறாது. சொற்செயலி இவற்றையும் சேர்த்துச் சேமிக்கும். போதாததற்கு நேரான மேற்கோள்குறியை அழகாக வளைத்துவிடும். அங்கே அடித்து ஒட்டிய ஒரு வரியால், ஸ்டைல், அதாவது பக்கத்தின் தோற்றத்துக்கான விதி, ஏன் விழவில்லை என்று அரைமணி நேரம் முழித்திருக்கிறேன். பிரவுசருக்கு வளைந்த குறி மேற்கோளே இல்லை, ஸ்டைல் தேடிப் பிடிக்கும் கிளாஸ் பெயரோடு ஒட்டிய இன்னொரு எழுத்து.

எடிட்டருக்கு லத்தீனில் 'வெளியே கொடுப்பவர்', அதாவது பதிப்பிப்பவர் என்று பொருள். ஆங்கிலத்தில் எடிட்டர்தான் முதலில் வந்தது. எடிட் என்ற வினை பிறகு அதிலிருந்து வெட்டி எடுத்தது. கணினிக்கு வந்தபோது பதிப்பு போய்த் திருத்தம் மட்டும் நின்றது. 1969இல் கென் தாம்சன் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு எழுதிய 'ஈடி'யில் எந்த வரி என்று கட்டளையில் சொல்லித்தான் மாற்ற வேண்டும்; தப்பாகச் சொன்னால் பதிலுக்கு ஒற்றைக் கேள்விக்குறி வரும். 1976இல் பில் ஜாய் எழுதிய 'விஐ'யில் திரை முழுக்கப் பார்த்துத் திருத்த முடிந்தது.

தமிழில் உரைத்தொகுப்பி, உரைப்பதிப்பி, உரைத்திருத்தி என்றெல்லாம் எழுதுகிறார்கள். என் ஓட்டு திருத்திக்கு. தொகுப்பி என்றால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரோடு குழம்பும்; அதையும் தொகுப்பி என்கிறார்கள். பதிப்பி அச்சகத்துக்குப் போய்விடும். திருத்துவது பிழை களைவது மட்டுமல்ல. காட்டைத் திருத்திக் கழனியாக்கினார்கள் என்கிறோமே, அந்தத் திருத்தல் இது. உரை என்றால் பரிமேலழகர் நினைவுக்கு வருவாரே என்பீர்கள். நியாயம்தான். பனுவல்திருத்தி பொருத்தமாக இருக்கும், ஆனால் வகுப்பில் வாயில் நுழையாது.

சரி, எதைப் போடுவது? 2015இல் வந்த விஷுவல் ஸ்டுடியோ கோட் போதும், இலவசம். பழைய கணினியென்றால் நோட்பேட்++ இலகுவாக ஓடும். விண்டோஸில் கோப்பின் பின்னொட்டைக் காட்டச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 'இண்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல்' என்று நினைத்துச் சேமித்ததன் வாலில் ஒரு 'டிஎக்ஸ்டி' ஒளிந்திருக்கும். அப்புறம் வேர்ட் ராப் (நீள வரியை மடித்துக் காட்டுவது), ஆட்டோ சேவ் (தானாகச் சேமிப்பது) இரண்டையும் போட்டுவிடுங்கள். வண்ணத் தீம் தேடுவதை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழில் பக்கம் எழுதுபவர் என்கோடிங்கை, அதாவது எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் முறையை, கட்டாயம் பார்க்க வேண்டும். திருத்தியின் அடிப்பட்டையில் யூடிஎஃப்-8 என்று இருக்க வேண்டும், பக்கத்தின் தலைப்பகுதியில், பக்கத்தைப் பற்றி பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா வரியிலும் அதையே எழுத வேண்டும். 'அம்மா' என்ற சொல் யூடிஎஃப்-8இல் 15 பைட். பிரவுசர் அதை வேறு என்கோடிங்கில் படித்தால் அம்மா இருந்த இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'க்கள் வரிசையாக நிற்கும்.