சர்க்கரை நோயாளிக்குப் பால் சேரவில்லையா? எந்தப் பரிசோதனை என்று முதலில் கேளுங்கள்

பால் குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு உப்புகிறது, குடல் இரைகிறது, பேதியாகிறது என்று சொல்லி வரும் சர்க்கரை நோயாளிகள் சிலர், ஏற்கெனவே எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுவருவார்கள். அதில் லாக்டோஸ் செரிமானம் 'நார்மல்' என்று இருக்கும். உடனே வீட்டில் உள்ளவர்கள், 'எல்லாம் மனப்பிரமை, பேசாமல் குடி' என்று சொல்லத் தொடங்கிவிடுவார்கள். இந்த விஷயத்தில் நான் ரிப்போர்ட்டை விட அவர்கள் சொல்வதைத்தான் முதலில் நம்புவேன்.

காரணம் அந்தப் பரிசோதனை நடக்கும் விதத்தில் இருக்கிறது. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் சிறுகுடலில் உள்ள லாக்டேஸ் என்சைம் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் பிரிக்கிறது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் 50 கிராம் லாக்டோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் வரை அவ்வப்போது ரத்த குளுக்கோஸைப் பார்ப்பார்கள். அது டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராம்கூட ஏறவில்லை என்றால் லாக்டோஸ் செரிக்கவில்லை என்று முடிவு. குளுக்கோஸைச் சரியாகக் கையாளும் உடம்புக்கு இந்தக் கணக்கு பொருந்தும். சர்க்கரை நோயில் இன்சுலின் போதாததால் கொஞ்சம் குளுக்கோஸ் உள்ளே போனாலே அளவு ஏறி, இறங்காமல் நிற்கும். அதனால் லாக்டேஸ் குறைவாக இருப்பவருக்கும் 20 என்ற கோடு சுலபமாகத் தாண்டிவிடும், ரிப்போர்ட்டும் நார்மல் என்று வந்துவிடும்.

நேர் எதிராகவும் நடக்கும். பல வருடச் சர்க்கரை நோயால் நரம்பு பாதித்து இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்களுக்கு, குடித்த லாக்டோஸ் குடலுக்குப் போய்ச் சேரவே தாமதமாகும். ரத்த அளவு ஏறாது, நன்றாகச் செரிப்பவருக்கும் 'செரியவில்லை' என்று முத்திரை விழும். இரைப்பையை மெதுவாக்கும் செமாக்ளூடைடு, லிராக்ளூடைடு போன்ற மருந்துகள் எடுப்பவர்களுக்கும் இதே குழப்பம் வரலாம்.

அதனால் இவர்களுக்கு நான் பெரும்பாலும் ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனையைத்தான் சொல்வேன். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜனை வெளியிடும், அது ரத்தம் வழியாக நுரையீரலுக்கு வந்து மூச்சில் தெரியும். ஆரம்ப அளவை விட 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) அல்லது அதற்கு மேல் ஏறினால் பாசிட்டிவ், அதாவது லாக்டோஸ் செரிக்கவில்லை. ரத்தச் சர்க்கரை ஏறி இறங்குவதை வைத்து இதில் முடிவு சொல்வதில்லை என்பதுதான் பெரிய நிம்மதி. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. சர்க்கரை நோயாளிகளில் சிலருக்குச் சிறுகுடலிலேயே பாக்டீரியா அதிகமாகப் பெருகியிருக்கும், அப்போது ஹைட்ரஜன் சீக்கிரமே ஏறி ஏமாற்றும். அகார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரைகள் வேலை செய்யும் விதமே மாவுச்சத்தைச் செரிக்கவிடாமல் தாமதப்படுத்துவதுதான், அதனால் அவையும் வாயுவைக் கூட்டும். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் சுமார் நான்கு வாரம் பொறுத்துச் செய்வது நல்லது.

உண்மையில், பரிசோதனைக்கு அனுப்பும் முன்பே மருந்துச் சீட்டை ஒருமுறை நிதானமாகப் படித்தால் பாதிப் பேருக்கு விடை அதிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தொடங்கிய பிறகோ டோஸ் கூட்டிய பிறகோ பேதி ஆரம்பித்தது என்றால் பால்மீது பழி போடுவதற்கு முன் அதை யோசிக்க வேண்டும். 'சுகர் ஃப்ரீ' இனிப்புகளில் சேர்க்கும் சார்பிட்டால், மால்ட்டிட்டாலும் இதே தொல்லையைத் தரும். டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், அது குடலின் உள்படலத்தைக் கெடுத்து லாக்டேஸையும் குறைத்துவிடும். அப்படிப்பட்டவர்கள் பாலை மட்டும் நிறுத்திக்கொண்டால் அடிப்படையான சீலியாக் நோய் கண்டுபிடிக்கப்படாமலே போய்விடும்.

சரி, பரிசோதனை நாள். இரவு முழுக்கச் சாப்பிடாமல் வர வேண்டும், அப்புறம் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு, கிளிக்ளாசைடு மாத்திரைகள் எடுப்பவர்கள் முந்தைய நாளே மருத்துவரிடம் டோஸைக் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். குளுக்கோமீட்டரைக் கொண்டுவாருங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் பரிசோதனையை அங்கேயே விட்டுவிட்டு குளுக்கோஸ் சாப்பிடுவதுதான் முறை.

லாக்டோஸ் செரியவில்லை என்று உறுதியானாலும் பாலை அடியோடு விட வேண்டியதில்லை, பலருக்கு ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ், அதாவது ஒரு டம்ளர் பால் அளவு, பெரிய தொந்தரவில்லாமல் போய்விடும். லாக்டோஸ் இல்லாத பாலை 'சர்க்கரை இல்லாத பால்' என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் லாக்டோஸ் முன்கூட்டியே பிரிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான், மாவுச்சத்துக் கணக்கு ஏறத்தாழ அதேதான். இன்னொன்று, சர்க்கரை இறங்கும்போது பால் குடித்துச் சமாளிக்கும் பழக்கம் இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். லாக்டோஸ் பிரியாத குடலில் அந்தப் பாலிலிருந்து தேவையான குளுக்கோஸ் நேரத்துக்குக் கிடைக்காது, அதனால் பையில் குளுக்கோஸ் மாத்திரையோ பொடியோ இருக்கட்டும்.